துருவப் பயணப் படங்களை எவ்வளவு நம்பலாம்?

உங்கள் கேள்வியில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. பழைய படங்கள் விற்கும் கடையில் ஒரு தாள் கிடைத்தது, இன்வெஸ்டிகேட்டர் என்ற கப்பல் பனிப்பாளங்களுக்கு நடுவே ஒருக்களித்துக் கிடக்கிறது, கீழே 1851 ஆகஸ்ட் 20 என்று தேதி இருக்கிறது என்கிறீர்கள். “தண்ணீரே உறைந்துபோகும் இடத்தில் இதை எப்படி வரைந்தார்கள்? ஊருக்குத் திரும்பி உட்கார்ந்து கற்பனையாக வரைந்ததுதானே?” என்று கேட்டிருக்கிறீர்கள். முதல் பாதி செய்முறை பற்றியது. இரண்டாவதில் நீங்கள் உண்மையில் கேட்பது, இந்தப் படத்தைச் சாட்சியாக எடுத்துக்கொள்ளலாமா என்பது. அப்படி முழுப் படத்துக்கும் சேர்த்து ஒரே பதில் சொல்ல முடியாது. பொதுவாகக் கோடு அங்கேயே போடப்பட்டது. வண்ணம் பெரும்பாலும் பிறகு ஏறியது. அச்சில் நாம் பார்ப்பதோ மூன்றாவது ஆள் ஒருவரின் கைவேலை. எந்தப் பகுதி யார் கையிலிருந்து வந்தது என்று பிரித்துப் பார்த்தால்தான் எதை நம்பலாம் என்று தெரியும்.

முதலில் வரைந்தவர்கள் யார் என்று பார்ப்போம். பிரிட்டிஷ் கடலோடி கேப்டன் ஜேம்ஸ் குக்கின் இரண்டாம் பயணத்தில் (1772–75) வில்லியம் ஹாட்ஜஸ் என்ற தொழில்முறை ஓவியர் கூடவே போனார். ஆனால் 19-ஆம் நூற்றாண்டின் பிரிட்டிஷ் துருவப் பயணங்களில் வரைந்தவர்கள் பெரும்பாலும் கடற்படை அதிகாரிகள்தான். பீச்சி, ஜார்ஜ் பேக், ராபர்ட் ஹூட், ஜார்ஜ் லையன் என்று பட்டியல் நீளும். உங்கள் தாளின் மூலத்தை வரைந்த சாமுவேல் கர்னி க்ரெஸ்வெல்லும் அந்தக் கப்பலில் லெப்டினன்ட்டாக இருந்தவர். இது அவர்களுக்குப் பொழுதுபோக்கு அல்ல. போர்ட்ஸ்மவுத் கடற்படைக் கல்லூரியில் ஓவிய ஆசிரியரே நியமிக்கப்பட்டிருந்தார். தெரியாத கரையைக் கண்டால், கப்பலிலிருந்து தெரிகிற அதன் விளிம்பைப் பக்கவாட்டில் நீளமாக வரைந்து, ஒவ்வொரு முனைக்கும் சிகரத்துக்கும் மேலே திசைகாட்டியில் பார்த்த டிகிரியை எழுதி வைப்பார்கள். அடுத்து வரும் மாலுமி இடத்தை அடையாளம் காண அதுதான் உதவும். பயணம் முடிந்ததும் நாட்குறிப்புகள், வரைபடங்கள், ஓவியங்கள் எல்லாவற்றையும் கடற்படைத் தலைமையிடம் ஒப்படைக்க வேண்டும் என்பது உத்தரவு. மேலதிகாரி கைக்குப் போகப்போகிற தாள் என்று தெரிந்து வரைந்த படத்தில், கரையின் விளிம்புக் கோட்டையும் கப்பலின் பாய்மரக் கயிறுகளையும் நான் பெரும்பாலும் நம்புவேன். கயிறு தப்பாக இருந்தால் கூட இருந்த சக அதிகாரிகளே விட்டிருக்க மாட்டார்கள்.

இனி குளிர். ஈரம் இல்லாத பென்சிலுக்கு உறைவது என்ற பிரச்சினையே கிடையாது. அதனால் வெளியில் செய்த வேலையில் பெரும்பங்கு பென்சில் வேலைதான். கஷ்டம் விரலுக்கு. தடித்த கையுறையோடு நுணுக்கமாகக் கோடு போட முடியாது. கழற்றினால் கொஞ்ச நேரத்தில் விரல் மரத்துப்போகும். எனவே ஒரு முறை கழற்றி நாலைந்து கோடு, திரும்பக் கையுறை, மறுபடி நாலைந்து கோடு என்றுதான் வேலை நகரும். ராபர்ட் ஸ்காட்டின் இரண்டு அண்டார்க்டிகா பயணங்களிலும் (1901–04, 1910–13) போன எட்வர்ட் வில்சனின் முறை இதில் நன்றாகப் பதிவாகியிருக்கிறது. இடத்திலேயே பென்சிலில் விளிம்புகளை வரைவார். வண்ணம் வர வேண்டிய இடங்களில் அந்த வண்ணத்தின் பெயரைச் சொல்லால் எழுதிவிடுவார். பிறகு குடிலுக்கு வந்து, குளிர்கால இருட்டில், அசெட்டிலீன் விளக்கின் கீழ் வாட்டர்கலரில் தீட்டுவார். விளக்கொளியில் மஞ்சளும் வெள்ளையும் சரியாகப் பிரிந்து தெரியாது என்பதால், கையில் எழுதி வந்த குறிப்புதான் அவருக்கு ஆதாரம். கண்ணுக்கும் இதில் விலை உண்டு. பனி வெளிச்சத்தைத் தடுக்கும் கண்ணாடி போட்டுக்கொண்டு வண்ணம் பார்க்க முடியாது, கழற்றினால் பனி வெளிச்சம் கண்ணைச் சுட்டுவிடும். 1902 டிசம்பரில் தெற்கு நோக்கிய நடையின்போது வில்சன் அப்படித்தான் கடுமையான பனிக்குருடுக்கு ஆளானார்.

வெளியிலேயே வாட்டர்கலர் வைத்தால் என்ன ஆகும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். தூரிகையில் எடுத்த நீர் தாளைத் தொடும்போதே ஊசி ஊசியாகப் படிகமாகும். வண்ணத்துகள் அந்தப் படிகங்களுக்கு இடையே தள்ளப்பட்டு, ஜன்னல் கண்ணாடியில் பூக்கும் உறைபனி மாதிரிக் கோலம் விழும். உள்ளே கொண்டுவந்ததும் அது உருகி ஓடி, படமே கலங்கிவிடும். உப்பு நீர் கலந்தால் பெரிய பயன் இல்லை. கடல்நீரே மைனஸ் 1.8 டிகிரி செல்சியஸில் உறையத் தொடங்குகிறது. சாராயம் கலந்தால் உறைநிலை நன்றாகவே இறங்கும். ஆனால் வாட்டர்கலரைத் தாளோடு பிடித்துவைப்பது கருவேலப் பிசின் வகையைச் சேர்ந்த கோந்து. அது நீரில் கரையும், சாராயத்தில் கரையாது. சாராயம் கூடினால் கோந்து திரிந்து, வண்ணம் மணல் மணலாகப் படியும். காய்ந்த பின் விரலால் தடவினால் உதிரும். எண்ணெய் வண்ணம் உறைந்து உடைவதில்லை, ஆனால் இறுகிவிடும், தூரிகை இழுபடாது. வட துருவக் கடலில் ஃப்ராம் கப்பலோடு 1893 முதல் பனியில் மிதந்த நார்வேப் பயணி நான்சென், துருவ ஒளியைப் பாஸ்டல் கட்டிகளால் வரைந்தார். உலர்ந்த வண்ணம் என்பதால் அந்த இடத்துக்கு அது பொருத்தமான தேர்வு. பிரிட்டிஷ் பயணத் தலைவர் ஷாக்கில்டனின் ஆட்கள் 1908-ல் அண்டார்க்டிகாவின் கேப் ராய்ட்ஸ் குடிலிலேயே ஒரு முழுப் புத்தகத்தை அச்சிட்டார்கள்; படங்கள் ஜார்ஜ் மார்ஸ்டனுடையவை. அச்சு மை குளிரில் கெட்டியாகித் தாளில் ஒட்டாமல் போனதால், மை தடவும் தகட்டுக்கு அடியில் மெழுகுவர்த்தி ஏற்றி வைத்து வேலை பார்த்தார்கள்.

ஆக “ஊருக்கு வந்து வரைந்தது” என்பது பாதி சரி. சிக்கல் அதற்குப் பிறகு ஆரம்பிக்கிறது. ஸ்கெட்ச் ஊருக்கு வந்ததும் பதிப்பாளர் அதை நேரடியாக அச்சுக்கு அனுப்புவதில்லை. பெரும்பாலும் இன்னொரு ஓவியர் அதை மெருகேற்றித் திரும்ப வரைவார். அதைப் பார்த்துச் செதுக்குபவர் செப்புத் தகட்டிலோ மரக்கட்டையிலோ இறக்குவார். இந்த இருவரும் துருவப் பனியைப் பார்த்ததே இல்லை. அமெரிக்கரான எலிஷா கென்ட் கேன் 1853–55 பயணத்தைப் பற்றி 1856-ல் வெளியிட்ட நூல் இதற்கு நல்ல சான்று. முந்நூறுக்கும் மேற்பட்ட படங்கள், எல்லாம் ஆசிரியரின் ஸ்கெட்ச்சிலிருந்து என்று முகப்பிலேயே போட்டிருக்கும். ஆனால் முக்கியமான படங்களைத் திரும்ப வரைந்தவர் பிலடெல்பியாவின் கடல் ஓவியர் ஜேம்ஸ் ஹாமில்டன். ஒளியும் மேகமும் கொந்தளிக்க வரைந்த ஆங்கில ஓவியர் டர்னரின் பாணியில் ஊறியவர். அந்தப் படங்களில் சுழன்று எழும் மேகமும், பாறைக்குப் பின்னால் வெடிக்கும் வெளிச்சமும் ஹாமில்டனுடையவை. பாறை இருந்த இடம் கேனுடையது. அந்த நூல் அமோகமாக விற்றதால், ஒரு தலைமுறை முழுவதும் ஹாமில்டனின் மேகங்களையே ஆர்க்டிக் வானம் என்று நினைத்துக்கொண்டது.

அச்சு முறைக்கு ஏற்ப மாற்றமும் மாறும். செப்புத் தகட்டுச் செதுக்கலில் எல்லாமே கோடு. பனியின் மென்மையான நிழலைக் கோடாக மாற்றும்போது அது பாறை மாதிரி ஆகிவிடும். 18-ஆம் நூற்றாண்டுப் பனிமலைகள் சுண்ணாம்புப் பாறை போலத் தெரிவதற்கு இதுதான் பெரிய காரணம். ஹாட்ஜஸ் பயணத்தில் வரைந்த வாட்டர்கலர்களில் பனிமலை நீரோடும் வானோடும் கரைந்து நிற்கும். 1777-ல் குக்கின் நூலில் வந்த செதுக்குப் படத்தில், 1773 ஜனவரி 9 என்று தேதியிட்ட அதே பனிமலைகள் விளிம்பு விளிம்பாக வெட்டி வைத்தது போல நிற்கின்றன. படகுகளில் ஆட்கள் பனிக்கட்டி பொறுக்குவது மட்டும் மெய்யான நிகழ்ச்சி. அன்று அப்படிப் பொறுக்கி உருக்கிய பனியில் குக்கின் கப்பலான ரெசல்யூஷனுக்கு ஏறத்தாழ 15 டன் குடிநீர் கிடைத்தது. 1800-க்குப் பிறகு பரவிய அக்வாடின்ட் முறை துருவப் படத்துக்கு ரொம்பவே பொருந்தியது. தகட்டில் பிசின் தூளைத் தூவிச் சூடாக்கி ஒட்டவைத்து, துகள்களின் இடைவெளியில் அமிலத்தைக் கடிக்க விடுவார்கள். வெள்ளையாக வேண்டிய இடத்தை வார்னிஷ் பூசி மூடிவிட்டால் அது தாளின் வெண்மையாகவே நிற்கும். பனிக்கு அதைவிட நல்ல வெள்ளை கிடையாது. 1840-களிலிருந்து செய்தித்தாள்களில் வந்த மரச்செதுக்குகளில் அவசரம் அதிகம். பல சிறு கட்டைகளைத் திருகி இணைத்துப் பெரிய கட்டையாக்கி, ஆளுக்கு ஒரு துண்டைக் கொடுத்துச் செதுக்க வைப்பார்கள். இணைப்பு விழுந்த இடத்தில் மெல்லிய வெள்ளைக் கோடு ஓடுவதை இன்றும் பார்க்கலாம். இன்னொரு கோளாறு, இடம் வலமாவது. தகட்டில் இருப்பது தாளில் திருப்பி விழும் என்பதால் கண்ணாடியில் பார்த்துத்தான் செதுக்க வேண்டும். அதைச் செய்யாமல் விட்டால் கரை முழுவதும் திரும்பிவிடும். சட்டைப் பொத்தான் எந்தப் பக்கம், துப்பாக்கி எந்தத் தோளில் என்று பார்த்தால் இது பிடிபடும்.

இதற்கு நேர்மாறாக, நம்ப முடியாதது போலத் தெரிந்து உண்மையாகிப்போன படங்களும் உண்டு. இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி அதுதான். வில்லெம் பேரன்ட்ஸின் டச்சுக் குழு 1596–97 குளிர்காலத்தை நோவாயா செம்லியா தீவில், மிதந்து வந்த மரத்தாலும் கப்பல் பலகைகளாலும் கட்டிய வீட்டில் கழித்தது. கூட இருந்த கெரிட் டி வேர் எழுதி 1598-ல் ஆம்ஸ்டர்டாமில் வெளியான நூலில் அந்த வீட்டின் உட்புறப் படம் ஒன்று இருக்கிறது: நடுவில் அடுப்பு, ஓரமாகப் படுக்கைகள், சுவரில் கடிகாரம், நிற்க வைத்த ஒரு பீப்பாய், அது குளிப்பதற்கு. 1871-ல் நார்வேக்காரரான எல்லிங் கார்ல்சன் அந்த இடத்துக்குப் போய், இடிந்து பனி மூடிக் கிடந்த வீட்டில் கடிகாரத்தையும் சமையல் பாத்திரங்களையும் கண்டெடுத்தார். 274 ஆண்டுகளுக்குப் பிறகு படம் பொருள்களோடு ஒத்துப்போனது. அவை இப்போது ஆம்ஸ்டர்டாம் ரெய்க்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அந்த வீட்டில் கிடைத்தவற்றில் விற்பனைக்குக் கொண்டுபோன அச்சுப் படங்களும் உண்டு. உறைந்து ஒரே கட்டியாகிப்போன அவற்றை 20-ஆம் நூற்றாண்டில் ஏடு ஏடாகப் பிரித்தெடுத்தார்கள். அதே நூலில் சூரியனுக்கு இருபுறமும் போலிச் சூரியன்களும் வளையங்களும் இருக்கும் படமும் வருகிறது. அதுவும் கற்பனை அல்ல. காற்றில் மிதக்கும் அறுகோணப் பனிப்படிகங்களில் ஒளி விலகும்போது சூரியனைச் சுற்றி 22 டிகிரியில் வளையம் விழும். சூரியன் தாழ இருக்கும்போது அதே உயரத்தில் இடமும் வலமும் பொட்டுப் பொட்டாக ஒளி தெரியும். வரையப்பட்ட போலிச் சூரியன்கள் நிஜச் சூரியனின் மட்டத்திலேயே இருந்தால், பார்த்தவர் சொல்லி வரைந்தது என்று எடுத்துக்கொள்ளலாம். கண்டபடி சிதறியிருந்தால் கேட்டறிந்து வரைந்தது. 1597 ஜனவரி 24 அன்று, வர வேண்டிய நாளுக்கு ஏறத்தாழ இரண்டு வாரம் முன்னதாகவே சூரியனின் விளிம்பைப் பார்த்ததாக டி வேர் எழுதியதை அந்தக் காலத்து அறிஞர்கள் நம்பவில்லை. குளிர்ந்த காற்றடுக்கில் ஒளி வளைந்து வருவதால் அது நடக்கும் என்று பிறகுதான் ஒப்புக்கொண்டார்கள். இன்று அந்தத் தோற்றத்துக்கு அந்தத் தீவின் பெயரே வழங்குகிறது.

அதே வளைந்த ஒளி நேர்மையான ஆளையும் ஏமாற்றும். வடமேற்குக் கடல்வழியைத் தேடிப் போன பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி ஜான் ராஸ் 1818 ஆகஸ்ட் 31 அன்று லங்காஸ்டர் நீரிணையின் உள்ளே மலைத்தொடர் வழியை அடைத்து நிற்பதைப் பார்த்து, அதற்குக் க்ரோக்கர் மலைகள் என்று பெயரும் வைத்து, திரும்பிவிட்டார். அவர் நூலில் அந்த மலைகள் படமாகவே வந்திருக்கின்றன. அடுத்த ஆண்டே இன்னொரு பிரிட்டிஷ் அதிகாரி பாரி அந்த மலைகள் இருக்க வேண்டிய இடத்தின் வழியாகக் கப்பலை ஓட்டிக்கொண்டு போனார். மலை எதுவும் இல்லை. ராஸ் பொய் வரைந்தார் என்று சொல்வது அநியாயம். திமிங்கில வேட்டைக் கப்பல் தலைவர் ஸ்கோர்ஸ்பி 1822-ல் வானத்தில் தலைகீழாகத் தெரிந்த ஒரு கப்பலைத் தொலைநோக்கியில் பார்த்து, அது தன் தந்தையின் கப்பல் என்று கண்டுகொண்டார்; அப்போது அது சுமார் 30 மைலுக்கு அப்பால் அடிவானத்துக்குக் கீழே இருந்தது. அந்தக் கடலில் கண் பார்ப்பது அப்படி. ராஸ் நூலின் இன்னொரு படத்தில் பனிச்சரிவு இரத்தச் சிவப்பாக இருக்கும். பார்த்தவுடன் அச்சகத்தின் கைவரிசை என்று தோன்றும், ஆனால் பனியில் வளரும் நுண்பாசி அப்படித்தான் சிவக்க வைக்கும். வண்ணத்தின் அடர்த்தியைத்தான் சந்தேகிக்கலாம், சிவப்பை அல்ல.

அதே பயணத்தில் வரையப்பட்ட ஒரு படத்தை இங்கே தனியாகச் சொல்ல வேண்டும். 1818 ஆகஸ்ட் 10 அன்று வடமேற்குக் கிரீன்லாந்தின் பூர்வகுடிகளான இனுயிட் மக்களை ராஸின் குழு முதன்முதலில் சந்தித்த காட்சி அது. வரைந்தவர் கப்பலில் மொழிபெயர்ப்பாளராக இருந்த கிரீன்லாந்து இனுயிட் இளைஞர் ஜான் சாக்கியூஸ். எடின்பரோவில் ஓவியர் நாஸ்மித்திடம் வரையக் கற்றவர். இருமுனைத் தொப்பியும் முழுச் சீருடையுமாக நிற்கும் அதிகாரிகள், பரிசுப் பொருள்களை வாங்கிப் பார்த்து வியக்கும் மக்கள், இருதரப்பும் ஒரே தாளில், ஒரே கவனத்தோடு வரையப்பட்டிருக்கிறார்கள். ஐரோப்பிய ஓவியர் கைப்பட்டுச் செதுக்குபவரிடம் போய் வந்த இனுயிட் முகங்கள் பலவும் கிரேக்கச் சிலை மாதிரி ஆகிவிடும், அல்லது கேலிச் சித்திரமாகும். அதனால் மக்கள் முகம், உடை விஷயத்தில் இந்தப் படத்துக்கு நான் கூடுதல் மதிப்புக் கொடுப்பேன். அடுத்த ஆண்டே அவர் இறந்துபோனார் என்பது இந்த வரலாற்றுக்குப் பெரிய இழப்பு. இதற்கு எதிர்ப்பக்கத்தில், 1577-ல் ஆங்கிலக் கடலோடி ஃப்ரோபிஷரின் ஆட்கள் இனுயிட்டுகளோடு மோதுவதைக் காட்டும் படம் ஒன்று உண்டு. ஜான் ஒயிட் வரைந்ததாகச் சொல்லப்படுகிறது. அவர் அந்தப் பயணத்தில் நேரில் இருந்தாரா என்பதில் ஆய்வாளர்களிடையே இன்னும் ஒத்த கருத்து இல்லை. அதை நேர்சாட்சி என்று எழுதுகிறவர்கள் கொஞ்சம் நிதானிக்கலாம். காஸ்பர் டேவிட் ஃப்ரீட்ரிக்கின் ‘பனிக்கடல்’ (1823–24) மாதிரியான கண்காட்சி ஓவியங்களையோ சாட்சியாக வைக்கவே கூடாது. அவர் துருவத்துக்குப் போகவில்லை. எல்பே ஆற்றில் உடைந்து மிதந்த பனியைப் பார்த்து வரைந்தார்.

இப்போது உங்கள் தாளுக்கு வருகிறேன். இன்வெஸ்டிகேட்டர் 1851 ஆகஸ்டில் பேங்க்ஸ் தீவின் வடகரையோரம் பனி நெருக்கத்தில் மாட்டியது உறுதி. அடுத்து மெர்சி விரிகுடாவில் சிக்கி, 1853-ல் கைவிடப்பட்டது. க்ரெஸ்வெல் 1853 ஏப்ரலில் பனிமேல் நடந்து வேறு கப்பலை அடைந்து, அதே ஆண்டு அக்டோபரில் இங்கிலாந்து சேர்ந்தார். அவர் படங்களிலிருந்து எட்டு லித்தோகிராஃப்கள் (கல்லில் வரைந்து எடுக்கும் அச்சுகள்) வண்ணத்தில் 1854-ல் வெளிவந்தன. கப்பலின் கூடு 2010-ல் அதே விரிகுடாவில் ஆழமில்லாத நீரில் கண்டுபிடிக்கப்பட்டது. எனவே நிகழ்ச்சி, தேதி, இடம் மூன்றும் சரி. பனிப்பாளங்கள் அவ்வளவு செங்குத்தாக எழும்பி நின்றனவா என்பதில்தான் எனக்குத் தயக்கம். உயரத்தை இழுத்து வரைவது எல்லாருக்கும் வரும் பழக்கம், லித்தோகிராஃப் செய்தவர் அதைக் குறைத்திருக்க வாய்ப்பில்லை. வானத்தை நீங்களே சோதிக்கலாம். இடம் சுமார் 74 டிகிரி வடக்கு. ஆகஸ்ட் 20 அன்று சூரியன் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே சுமார் 12.5 டிகிரியில் இருக்கும். 90-இலிருந்து 74-ஐக் கழித்து 12.5-ஐக் கூட்டினால் நண்பகலில் சூரியன் 28.5 டிகிரி உயரம். அதாவது நிழல் பொருளின் உயரத்தைப் போல 1.8 மடங்குக்குக் குறையாது. நள்ளிரவில் சூரியன் அடிவானத்துக்கு 3.5 டிகிரிதான் கீழே இறங்கும். மங்கலான வெளிச்சம் இருக்குமே தவிர, கும்மிருட்டு வராது. இந்த வரம்புக்குள் வானம் இருந்தால் ஏற்கலாம். குட்டை நிழலோ நட்சத்திர இரவோ இருந்தால் அது ஊரில் சேர்த்தது. தேதியும் அட்சரேகையும் உள்ள எந்தத் துருவப் படத்துக்கும் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம்.

தாள் அசலா என்பதற்கு, முதலில் கீழ் ஓரத்தைப் படியுங்கள். இடது மூலையில் பெயரும் ‘டெல்.’ என்ற சுருக்கமும் இருந்தால் வரைந்தவர். வலது மூலையில் ‘ஸ்கல்ப்.’ என்றால் செதுக்கியவர், ‘லித்.’ என்றால் கல்லில் வரைந்தவர். இரண்டு பெயர் இருந்தால் இரண்டு கை. பிறகு 10 மடங்கு லென்ஸ் வைத்துப் பாருங்கள். சாம்பல் நிறப் பகுதியில் க்ரேயான் உரசியது போல ஒழுங்கற்ற பொடி தெரிந்தால் லித்தோகிராஃப்; நெளிநெளியான வலைப்பின்னல் தெரிந்தால் அக்வாடின்ட்; ஒரே சீராக வரிசை கட்டிய புள்ளிகள் தெரிந்தால் பிற்கால மறுஅச்சு, அதற்கு மேல் பார்க்க வேண்டியதில்லை. செப்புத் தகட்டுப் படமானால் தகட்டின் விளிம்பு தாளில் அழுந்திய பள்ளம் இருக்கும். லித்தோகிராஃபில் அது இருக்காது, அதனால் உங்கள் தாளில் பள்ளம் இல்லை என்று கவலைப்பட வேண்டாம். தாளை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் சிலவற்றில் நீர்க்குறியில் ஆண்டு தெரியும். படம் அந்த ஆண்டுக்கு முந்தியதாக இருக்க முடியாது.

புகைப்படம் வந்த பிறகு இந்தச் சந்தேகம் தீர்ந்தது என்றும் நினைத்துவிட வேண்டாம். ஷாக்கில்டனின் புகைப்படக்காரர் ஃபிராங்க் ஹர்லி 1916 ஏப்ரலில் அண்டார்க்டிகா அருகே உள்ள யானைத் தீவிலிருந்து சிறு படகு கிளம்பும்போது எடுத்த படம், பிறகு தீவில் இருந்தவர்கள் மீட்கப்படும் காட்சியாக வெளியிடப்பட்டது.

உங்கள் தாளின் கீழ் ஓர எழுத்துகளை நெருக்கமாக எடுத்து ஒரு படமும், பக்கவாட்டில் விளக்கு வைத்து முழுத் தாளும் தெரிய இன்னொரு படமும் போடுங்கள். 1854 லித்தோகிராஃபா, மறுஅச்சா என்று பெரும்பாலும் அதிலேயே சொல்லிவிட முடியும். மேலே உள்ள வண்ணம் அப்போதே ஏற்றியதா, பிற்காலத்தில் கடைக்காரர் யாரோ ஏற்றியதா என்பதை மட்டும் திரையில் பார்த்துச் சொல்ல முடியாது. அதற்குத் தாள் பழுதுபார்க்கும் ஒருவர் நேரில் லென்ஸ் வைத்துப் பார்க்க வேண்டும். அதுவரை அதை ஈரத்துணியால் துடைக்காதீர்கள். வெயில் படும் சுவரில் மாட்டவும் வேண்டாம்.